மாத்திரை வந்தது, ஆள் வரவில்லை

1

எம்.எஸ்.டபிள்யூ. படித்தபோது வாரத்தில் இரண்டு நாள் களப்பணி இருக்கும். எனக்குக் காசிமேடு கிடைத்தது. கையில் ஒரு ரெக்கார்டு நோட்டு, தோளில் ஒரு ஜோல்னாப் பை. ராயபுரம் பாலத்தைத் தாண்டி, மீன் வாடையும் டீசல் வாடையும் கலந்த சந்துகளில் வீடு வீடாகப் போக வேண்டும். குடும்பத்தில் எத்தனை பேர், என்ன வருமானம், யாருக்கு என்ன நோய் என்று கேட்டு எழுத வேண்டும். அந்த வாரக் கடைசியில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போடுவார்.

மூன்றாவது வாரம் ஒரு ஆயா என்னை நிறுத்திக் கேட்டார். “இன்னாத்த எழுதிக்கினு போற கண்ணு? போன வருசம் ஒரு பொண்ணு வந்து இதே மாறிதான் எழுதிக்கினு போச்சு. அத்த வச்சு இன்னா பண்ணாங்க?”

பதில் சொல்லத் தெரியவில்லை. சிரித்து மழுப்பிவிட்டு நகர்ந்தேன்.

அவர் மகனுக்கு டிபி. விசைப்படகில் ஆளாகப் போகிறவர். அந்தப் போட் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் கரைக்கு வரும். அப்போது டிபி மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள், ஒருவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும் என்பது விதி. கடலுக்குப் போனால் மாத்திரை போச்சு, மாத்திரைக்காகக் கரையில் நின்றால் பங்கு போச்சு. அவர் கடலுக்குப் போனார். சிகிச்சை அட்டையில் ‘வரவில்லை’ என்று விழுந்தது. நான் என் நோட்டில் இதை முழுப் பக்கம் எழுதினேன். வருடக் கடைசியில் அது பைண்ட் ஆகி, மற்ற ரிப்போர்ட்களோடு ஒரு அலமாரிக்குள் போனது. அதற்குப் பிறகு அதை யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

ஆயாவின் கேள்வி மட்டும் கூடவே வந்தது. எழுதினதை வச்சு என்ன பண்ணாங்க? ஆராய்ச்சி செய்பவர்களுக்கும் களத்தில் வேலை செய்பவர்களுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளி எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடியதில் வந்து சேர்ந்த இடம் ரொம்ப தூரம் இல்லை. காசிமேட்டிலிருந்து சில கிலோமீட்டரில், சேத்துப்பட்டு. அங்கே 1956-ல் ஆரம்பித்த ஒரு வேலை, உலகம் முழுக்க டிபி வைத்தியத்தையே மாற்றிப் போட்டது. அந்த வேலையின் நடுவில் இருந்தது ஒரு எளிய காரியம்: ஒருவர் போய் இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது.

2

கடற்கரை – தாம்பரம் ரயிலில் போகிறவர்களுக்கு ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற ஸ்டேஷன் தெரியும். பெயர் ஏன் அப்படி என்று பெரும்பாலும் யோசிப்பதில்லை. 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே ஒரு காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் டிபிக்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி: இவைதான் வைத்தியம். வீட்டையும் வேலையையும் விட்டு மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், போய் இருக்க வேண்டும்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மூட்டை தூக்கினால்தான் அன்றைக்கு உலை வைக்க முடியும். ‘ஓய்வெடு, நன்றாகச் சாப்பிடு’ என்பது அவருக்கு வைத்தியம் இல்லை, கேலி.

இந்தக் கேலியை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் பாஸ்டனில் இருந்த ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர். தான் எழுதிக் கொடுக்கும் சீட்டு நோயாளியின் வீட்டில் எதற்கும் உதவவில்லை என்று அவருக்குப் புரிந்தது. 1905-ல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கார்னெட் பெல்டன் என்ற செவிலியரைச் சமூகப் பணியாளராக அமர்த்தினார். நோயாளியின் வீட்டுக்குப் போய், அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்து வந்து மருத்துவரிடம் சொல்வது அவர் வேலை. பெல்டன் பார்த்தவர்களில் காசநோயாளிகள் நிறைய. சில மாதங்களிலேயே அவருக்கும் டிபி வந்து வேலையை விட வேண்டியதாயிற்று. அவர் விட்ட இடத்தில் ஐடா கேனன் வந்தார். மருத்துவச் சமூகப் பணி என்று இன்று நாங்கள் பாடமாகப் படிக்கிற துறை, இப்படி ஒரு டிபி நோயாளியின் வீட்டு வாசலில் பிறந்ததுதான். சென்னையில் அந்தப் படிப்புக்கான கல்லூரி, மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், 1952-ல் வந்தது. மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கியது.

1946-ல் வந்த போர் கமிட்டி அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. இந்தியாவில் சுமார் 25 லட்சம் காசநோயாளிகள். வருடத்துக்கு 5 லட்சம் சாவு. நாடு முழுக்க இருந்த படுக்கைகள் ஏறத்தாழ 6,000. எத்தனை சானடோரியம் கட்டினாலும் இந்தக் கணக்கு நேராகாது.

அதற்குள் மருந்துகள் வர ஆரம்பித்திருந்தன. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பி.ஏ.எஸ்ஸும், 1952-ல் ஐசோனியசிட். ஐசோனியசிட் சின்ன மாத்திரை, விலையும் குறைவு. இப்போது ஒரு கேள்வி எழுந்தது. மருந்து இருக்கிறது என்றால், சானடோரியம் எதற்கு? நோயாளி தன் வீட்டிலேயே, அந்தப் பத்துக்குப் பத்து அறையிலேயே, அதே அரைவயிற்றுச் சாப்பாட்டிலேயே குணமாக முடியுமா?

3

இந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து செய்தவை. முதலில் ஐந்து வருடத் திட்டம் என்றுதான் சொன்னார்கள். இன்று அதுவே தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அதே இடத்தில் நிற்கிறது. தொடக்கத்தில் தலைமையேற்க வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர்.

சென்னை நகரத்து ஏழைகளில், சளியில் கிருமி இருந்த 193 பேரை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, இன்னொரு பாதி வீட்டுக்கு. மருந்து இருவருக்கும் ஒன்றுதான்: ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்ஸும், ஒரு வருடம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வு, காற்று, நல்ல சாப்பாடு. வீட்டில் இருந்தவர்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை. நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு, பலர் வேலைக்கும் போனார்கள்.

முடிவு 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. ஒரு வருடச் சிகிச்சையின் இறுதியில் நோய் அடங்கியவர்கள், வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். இந்தச் சிறு வித்தியாசமும் ஐந்து வருடத் தொடர் கண்காணிப்பில் மறைந்துவிட்டது. எல்லோரும் பயந்தது இன்னொன்றுக்கு: நோயாளியை வீட்டிலேயே வைத்தால் பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தொற்றாதா? வீட்டாரையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். சானடோரியம் போனவரின் குடும்பத்தைவிட, வீட்டில் இருந்தவரின் குடும்பத்தில் நோய் அதிகமாக வரவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் முன்பே தொற்றியிருந்தது. மருந்து ஆரம்பித்த பிறகு ஆபத்து குறைந்துபோனது.

உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். வடசென்னையின் நெரிசல் வீடு மாதிரியான ஒரு வீட்டில் கிடைத்த விடை, ஐரோப்பாவின் மலையடிவார சானடோரியங்கள் வரை போனது. தமிழ் சினிமாவுக்குத்தான் இந்தச் சேதி தாமதமாகப் போயிருக்கும்போல. ஆய்வு வந்து இரண்டு வருடம் கழித்து, 1961-ல் வந்த ‘பாலும் பழமும்’ படத்தின் நாயகி, டிபி என்றதும் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறாள்.

இதுவரை சொன்னது பாடப்புத்தகத்தில் இருக்கும் கதை. அதில் பாதி இல்லை.

வீட்டில் இருந்தவர்களைச் சும்மா விட்டுவிடவில்லை. வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து வாங்க வேண்டும். இடையில் சுகாதாரப் பார்வையாளர்கள் வீட்டுக்குப் போனார்கள். சொல்லிவிட்டும் போனார்கள், சொல்லாமலும் போனார்கள். மிச்சமிருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிவந்து, உடம்பில் மருந்து இருக்கிறதா என்று பரிசோதித்தார்கள். வராதவரைத் தேடிப் போனார்கள். குடும்பத்தாரிடம் உட்கார்ந்து பேசினார்கள்.

இந்தப் போக்குவரத்தில்தான் ஆராய்ச்சியாளர்கள் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. மருந்து வாங்கிப் போகிற எல்லோரும் மருந்து சாப்பிடுவதில்லை. பி.ஏ.எஸ். ஒருநாளைக்குப் பத்து கிராம் வரை விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். ‘சாப்பிட்டேன் சார்’ என்று சொல்வார்கள். சிறுநீர் வேறு சொல்லும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், எடை கூடும், ‘சரியாயிடுச்சே’ என்று தோன்றும். அதற்கு மேல் எதற்கு அந்தக் கசப்பு? இது படிப்பில்லாதவர்களின் அறியாமை என்று ஃபாக்ஸ் ஒதுக்கிவிடவில்லை. 1958-லேயே, நோயாளி தானே மருந்து எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கலைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். எந்த நாட்டு நோயாளிக்கும் இது நடக்கும் என்பது அவர் கண்டது. அதிலிருந்து அடுத்த ஆய்வு பிறந்தது: தினமும் விழுங்குவதற்குப் பதிலாக, வாரம் இருமுறை ஊழியர் முன்னிலையில் கொடுத்தால் என்ன? 1960களில் அதையும் சென்னையிலேயே செய்து, பலன் தருகிறது என்று காட்டினார்கள்.

எனக்கு இதில் பிடித்தது அந்தச் சிறுநீர் பாட்டில்தான். சந்துக்குள் போய் வந்த ஊழியர் கொண்டுவந்து வைத்த ஒரு பாட்டில், மேஜையில் உட்கார்ந்திருந்தவர்களின் கேள்வியையே மாற்றியது. களத்துக்காரர், மருத்துவர், புள்ளியியலாளர் மூவரும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தார்கள். களத்தில் பார்த்தது அடுத்த நாளே ஆராய்ச்சிக்குள் வந்தது, அலமாரிக்குப் போகவில்லை.

4

சேத்துப்பட்டு ஆய்வு சொன்னதை ஒரே வாக்கியத்தில் எழுதினால் இப்படி வரும்: ‘நோயாளி வீட்டிலேயே குணமாவார், யாராவது அந்த வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தால்.’

நாடு இந்த வாக்கியத்தின் முதல் பாதியை எடுத்துக்கொண்டது.

தேசிய காசநோய் திட்டம் 1962-ல் வந்தது. அதன் வடிவத்துக்கு இன்னொரு நல்ல ஆராய்ச்சியும் காரணம். பெங்களூரில் 1959-ல் தொடங்கிய தேசிய காசநோய் நிறுவனத்தில் தேபபர் பானர்ஜி என்ற மருத்துவரும் ஸ்டிக் ஆண்டர்சன் என்ற சமூகவியலாளரும் சேர்ந்து, கிராமங்களில் காசநோயாளிகளிடமே போய்க் கேட்டார்கள். ‘ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை’ என்பது அன்று பலரின் எண்ணம். (இன்றும் பல பவர்பாயிண்ட்களில் இதே வரியைப் பார்க்கிறேன்.) விடை நேர்மாறாக இருந்தது. நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் தங்கள் உடம்பில் ஏதோ சரியில்லை என்று தெரிந்திருந்தது. பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போயிருந்தார்கள். அங்கே இருமல் மருந்து பாட்டிலைக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

1963-ல் வெளியான இந்த ஆய்வைச் சமூக ஆராய்ச்சி நடைமுறைக்கு வந்ததற்கு இந்தியாவின் மிகச்சிறந்த உதாரணம் என்று சொல்வேன். கிராமம் கிராமமாக எக்ஸ்ரே வண்டி அனுப்பி நோயாளியைத் தேட வேண்டியதில்லை. தானாக வருகிறவரைத் திருப்பி அனுப்பாமல் சளியைப் பரிசோதித்தாலே போதும் என்ற முடிவு இதிலிருந்து வந்தது. டிபிக்கென்று தனிப் படை வேண்டாம், பொதுச் சுகாதார நிலையங்களோடு அதைச் சேர்த்துவிடலாம் என்ற வடிவமும் இப்படி வந்ததுதான்.

காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏற்கெனவே ஆயிரம் வேலை. மாதம் ஒருமுறை நோயாளி வந்து, மாத்திரைகளை மொத்தமாக வாங்கிப்போவார். வராவிட்டால் ஒரு தபால் அட்டை போடுவார்கள். அதற்கும் அசையாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று விதி இருந்தது. போவதற்கு ஆள்தான் இல்லை. அந்தத் தபால் அட்டை எண்ணூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு குடிசைக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கற்பனை செய்யுங்கள். கதவு எண் கிடையாது. வாடகை ஏறியதால் போன மாதமே இடம் மாறியிருப்பார்கள். வந்து சேர்ந்தாலும், வீட்டில் வாசிப்பவர் யார்? வாசித்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும்: இவனுக்கு டிபி.

மாத்திரை வந்தது, ஆள் வரவில்லை. முப்பது வருடம் இப்படிப் போனது. 1992-ல் அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து திட்டத்தை மறுபரிசீலனை செய்தபோது, சிகிச்சையை முடித்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை என்று தெரிந்தது. 1958-ல் சேத்துப்பட்டில் ஒரு சிறுநீர் பாட்டில் சொன்னதை நாடு கேட்க 34 வருடம் ஆனது.

யாரையாவது வில்லனாக்க வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. ஆராய்ச்சியிலிருந்து நடைமுறைக்கு ஒரு விஷயம் போகும்போது, பெட்டியில் வைத்து அனுப்பக்கூடியது மட்டும் போய்விடுகிறது. மாத்திரையைப் பெட்டியில் வைக்கலாம். ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, ‘ராத்திரி தூங்கினியாப்பா?’ என்று கேட்பதைப் பெட்டியில் வைக்க முடியாது. அதற்குச் சம்பளம் வேண்டும், பஸ் காசு வேண்டும், வாரம் எத்தனை வீடு என்ற கணக்கு வேண்டும். பட்ஜெட் போடும்போது முதலில் வெட்டுப்படுவது இதுதான்.

5

1993-ல் உலக சுகாதார நிறுவனம் டிபியை உலகளாவிய நெருக்கடி என்று அறிவித்தது. இந்தியாவில் திருத்தப்பட்ட திட்டம் 1997-லிருந்து விரிவடைந்தது. அதுதான் ‘டாட்ஸ்’: ஒருவர் கண்ணெதிரே மாத்திரை விழுங்குவது. சென்னையில் சோதித்த ‘ஊழியர் முன்னிலையில்’ என்பது, வேறு நாடுகளில் சுற்றி, புதுப் பெயரோடு வீடு திரும்பியது என்றும் சொல்லலாம். நோயாளி ஒவ்வொருவர் பெயரிலும் முழுச் சிகிச்சைக்கான மருந்து ஒரே பெட்டியில் தயாராக இருக்கும். அங்கன்வாடி டீச்சர், பெட்டிக்கடைக்காரர், குணமான பழைய நோயாளி என்று யாரும் மருந்து கொடுப்பவராக இருக்கலாம்.

இது பலரைக் காப்பாற்றியது, மறுக்க முடியாது. ஆனால் இதற்குள்ளும் ஒரு நழுவல் இருந்தது. சேத்துப்பட்டுப் பார்வையாளர் நோயாளியின் வீட்டுக்குப் போனார். டாட்ஸில் பெரும்பாலும் நோயாளிதான் மருந்து கொடுப்பவரிடம் வர வேண்டும். போய்ப் பார்ப்பது, வரவழைத்துக் கண்காணிப்பதாக மாறியது. ஆயாவின் மகன் தவறியது இந்த இடத்தில்தான்.

1999 முதல் திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பகுதியில் சேத்துப்பட்டு மையம் டாட்ஸை நடத்தி ஆராய்ந்தது. திருவொற்றியூரும் எண்ணூரும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. 2018-ல்தான் சென்னை மாவட்டத்துக்கு வந்தன. யார் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள் என்று பார்த்தார்கள். ஆண்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், முன்பே ஒருமுறை சிகிச்சை எடுத்தவர்கள். துறைமுகப் பக்கம் வேலை செய்யும் எந்தக் களப்பணியாளரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். அப்படியானால் ஆராய்ச்சி வீணா? இல்லை. களப்பணியாளர் சொன்னால் அது ‘அனுபவம்’. எண்ணாக வந்தால்தான் திட்டத்துக்குள் நுழைகிறது. வருத்தமான உண்மை இது, ஆனாலும் உபயோகமான உண்மை.

அதே 1999-ல் அந்த மையத்தின் ராஜேஸ்வரியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு கட்டுரையை ஒவ்வொரு சமூகப்பணி மாணவரும் படிக்க வேண்டும். 304 நோயாளிகளிடம், டிபி உங்கள் வீட்டுக்கு என்ன செய்தது என்று கேட்டார்கள். சராசரியாக 83 நாள் வேலை போயிருந்தது. செலவும் இழந்த கூலியும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு 5,986 ரூபாய். இது அன்றைய மதிப்பில். கடன் சராசரி 2,079 ரூபாய். பள்ளி போகும் பிள்ளைகளில் 11 சதவீதம் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். இன்னும் 8 சதவீதம் குடும்பத்துக்காக வேலைக்குப் போயிருந்தார்கள். மருந்து இலவசம்தான். ஆனால் நோய் இலவசம் இல்லை. இந்த ஆய்வும் இது போன்றவையும் பேசியதற்கு அரசின் பதில் 2018-ல் மாதம் 500 ரூபாயாக வந்தது. 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய்.

2017 வாக்கில் ஒருநாள் விட்டு ஒருநாள் முறை போய், தினசரி மாத்திரை வந்தது. மாத்திரை அட்டை நோயாளி கையில். இப்போது கண்காணிப்பை போனிடம் கொடுத்தார்கள். மாத்திரையைப் பிதுக்கினால் பின்னால் ஒரு எண் தெரியும், அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் ‘சாப்பிட்டார்’ என்று பதிவாகும். கேட்க அழகாக இருக்கிறது. இது சரியாக வேலை செய்கிறதா என்று சென்னை, வேலூர், மும்பையில் பீனா தாமஸும் சக ஆய்வாளர்களும் சோதித்து 2020-ல் எழுதினார்கள். சோதித்த விதத்தைக் கேளுங்கள்: சொல்லாமல் வீட்டுக்குப் போய், சிறுநீர் வாங்கி, அதில் ஐசோனியசிட் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அறுபது வருடம் கழித்து, அதே கதவு, அதே பாட்டில். போன் சொன்னதும் சிறுநீர் சொன்னதும் பல நேரம் ஒத்துப்போகவில்லை.

6

சேத்துப்பட்டு வாக்கியத்திலிருந்து விழுந்துபோன இன்னொரு சொல்லும் உண்டு: சாப்பாடு.

1961-ல் அதே ஆய்வின் தரவை வைத்து ராமகிருஷ்ணனும் மற்றவர்களும் உணவைப் பற்றித் தனியாக எழுதினார்கள். வீட்டில் அரைவயிற்றோடு இருந்தவர்களும் குணமானார்கள், ஆகவே மருந்து சரியாகப் போனால் நல்ல சாப்பாடு இல்லாததால் சிகிச்சை தோற்றுவிடாது என்பது அதன் சாரம். கேட்ட கேள்விக்கு அது சரியான விடை. ஏழைக்கு அது ஒரு விடுதலையும்கூட. ‘முட்டையும் பாலும் இல்லாட்டி உனக்குப் பிழைப்பில்லை’ என்ற தீர்ப்பிலிருந்து விடுதலை. ஆனால் காலப்போக்கில் ‘மருந்து போதும்’ என்பது ‘சாப்பாடு பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை’ என்று மாறியது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. திட்டங்கள் அப்படி நடந்துகொண்டன.

2023-ல் ஜார்கண்டில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வின் முடிவு வந்தது. அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று, சென்னை நிறுவனமும் சேர்ந்து செய்தது. நோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தபோது, அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்குச் சாவின் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. அன்றைய கேள்வி ‘குணமாவாரா?’ என்பது. இன்றைய கேள்வி ‘பிழைப்பாரா, வீட்டில் அடுத்தவருக்கு வராமல் இருக்குமா?’ என்பது. கேள்வி மாறும்போது விடையும் மாறுகிறது. பழைய விடையைப் புதிய கேள்விக்கு எடுத்து ஒட்டியதுதான் நம் தவறு.

தமிழ்நாடு இதில் ஒரு காரியம் நன்றாகச் செய்திருக்கிறது. 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’. டிபியால் இறப்பவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் இறக்கிறார்கள். யார் ஆபத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் தேவையில்லை. உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு எத்தனை வேகம், ஆக்சிஜன் அளவு எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. இந்த ஐந்தையும் சுகாதார நிலையத்தில் இருக்கும் ஊழியரே பார்த்துவிடலாம். மோசமாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களும் மாநிலத் திட்ட ஊழியர்களும் உட்கார்ந்து சேர்ந்து செய்தது இது. ஊழியர் கையில் இருப்பது என்ன, அவருக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கியதால் இது ஓடுகிறது என்று நினைக்கிறேன். ‘பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா’ என்பது ஆய்வகத்திலிருந்து வரும் கேள்வி இல்லை. நோயாளியை எதிரே பார்த்த ஒருவரிடமிருந்து வருவது.

7

2020 மே மாதத்தில் சென்னையில் கொரோனா அதிகமாக இருந்த மண்டலம் ராயபுரம். அந்த மாதங்களில் மாநகராட்சியும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து, தெருத்தெருவாக ஆட்களை அனுப்பின. அந்தப் பகுதிப் பெண்களும் இளைஞர்களும் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு தினமும் வீடு வீடாக வந்து, காய்ச்சல் இருக்கிறதா, மருந்து இருக்கிறதா, அரிசி இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்படியானால் ஆள் அனுப்ப நம்மால் முடியும். எல்லோருக்கும் வரக்கூடிய நோய் என்றால் முடிகிறது. ஏழைக்கு மட்டும் வரும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் நோய்க்குத் தபால் அட்டை.

ஆயாவின் கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பாதிப் பதில் இருக்கிறது. சந்துக்குள் பார்த்ததை எழுதினால் மட்டும் எதுவும் ஆகிவிடாது. எழுதியவரும் அதைப் படிக்க வேண்டியவரும் ஒரே கட்டடத்தில், வாரம் ஒருமுறையாவது எதிரெதிரே உட்கார வேண்டும். சேத்துப்பட்டில் அது நடந்த வருடங்களில் உலகமே மாறியது. நடக்காத வருடங்களில் அட்டையில் ‘வரவில்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தோம். வடசென்னையில் ஒவ்வொரு வருடமும் சமூகப்பணி மாணவர்கள் வாரம் இரண்டு நாள் நடக்கிறார்கள். எந்தப் போட் எத்தனை நாள் கடலில் இருக்கும், எந்தத் தெருவில் புருஷனுக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிடுகிறார்கள், யார் வீட்டில் ஒருவேளைச் சோறு என்பதெல்லாம் அந்த நோட்டுகளில் இருக்கிறது. எந்த ஆராய்ச்சி நிறுவனத்திலும் இல்லாத தரவு அது. பைண்ட் பண்ணி வைத்திருக்கிறோம்.

போன மாதம் காசிமேடு பக்கம் போனேன். அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. ஆயாவைப் பற்றிக் கேட்டேன், தெரியவில்லை. கிளம்பும்போது அந்த வீட்டுப் பெண் கேட்டார், “நீங்க எந்த ஆபீஸ்க்கா? எதுனா எழுதணுமா?”

“இல்லமா, சும்மா பாக்க வந்தேன்” என்றேன்.

“சும்மாவா?” என்று ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.